ஆர்டிஸ் கேட்க வந்த கேள்வி

என் அண்ணன் மனைவி ஆர்டிஸ் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். பின் இருக்கைகளில் பிள்ளைகள் அடித்துக்கொண்டால் மற்ற டிரைவர்கள் திரும்பிப் பார்த்துக் கத்துவார்கள். இவள் கத்தமாட்டாள். வண்டியைச் சாலை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பையிலிருந்து கம்பளி நூலையும் ஊசியையும் எடுத்துப் பின்ன ஆரம்பித்துவிடுவாள். ஜனவரி மாதக் குளிர் மெல்ல உள்ளே ஏறும். பிள்ளைகளின் பற்கள் தந்தியடிக்கும். சத்தம் முழுவதும் அடங்கிய பிறகு ஊசியைப் பைக்குள் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்புவாள். அதுவரை அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்திருக்காது.

ஊரில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். பொறுமைசாலியாம். அவளுக்கு நாத்தனாராக வாழ்ந்து பார்க்கட்டும், அப்புறம் சொல்லட்டும். கிறிஸ்துமஸ் விருந்துக்கு வருவாயா மாட்டாயா என்று கேட்டால் "பாக்கலாம்" என்பாள். கறி நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் "மோசமில்ல" என்பாள். ஒரு விஷயம் அவளுக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள நான் அவள் கண் புருவத்தைப் படிக்கவேண்டியிருந்தது. நான் அப்படி இல்லை. மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன், அதனால்தான் மினசோட்டாவின் இந்த வடகோடியில் எனக்கு வாயாடி மேவிஸ் என்று பெயர்.

என் அண்ணன் டெல்மர் போன மார்ச் மாதக் கடைசியில் செத்துப்போனான். குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல் போட்டிருந்த மீன்பிடிக் குடிசைகளை எல்லோரும் கரைக்கு இழுத்துவந்துவிட்ட பிறகு, இன்னும் ஒரே ஒரு நாள் மீன் பிடிக்கலாம் என்று டிரக்கை ஐஸ்மேல் ஓட்டிக்கொண்டு போனான். ஐஸ் உடைந்து டிரக்கோடு உள்ளே போய்விட்டான். எங்கள் பக்கத்தில் அநேகமாக எல்லா வருஷமும் எவனாவது ஒருவன் இப்படிப் போகிறான், ஊரே உச்சுக் கொட்டுகிறது, மறு வருஷம் வேறொருவன் போகிறான். அந்த ஒருவன் என் அண்ணனாக இருப்பான் என்று நான் நினைத்ததில்லை. அறுபத்தாறு வயது ஆளுக்குப் புத்தி வேண்டாமா என்று சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றே திட்டினேன். ஆர்டிஸ் திட்டவுமில்லை, அழவுமில்லை. வந்தவர்களுக்கெல்லாம் காபி ஊற்றிக்கொடுத்தாள்.

அடக்கத்தன்று பெண்கள் சமைத்துக் கொண்டுவந்த பாத்திரங்கள் ஜூலை வரை அவள் வீட்டு மேஜையில் அடுக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டுத்தாளில் சொந்தக்காரியின் பெயர் எழுதியிருந்தது. யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். இவளும் காலியாகத் திருப்பிக் கொடுக்கமாட்டாள். அந்த அடுக்கில் கோலெட்டின் பாத்திரம் மட்டும் இல்லை.

கோலெட் யார் என்றால், இவளோடு அதே பஸ் டிப்போவில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். இவள் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள். டெல்மர் மூழ்கிய அதே ஏரிக்கரையில்தான் அவள் வீடும். அப்படிப்பட்டவள் அடக்கத்துக்கு வரவில்லை. ஒரு பாத்திரம் அனுப்பவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. வெயில் காலம் வந்ததும் சுப்பீரியர் ஏரிக்கரையில், சுற்றுலாக்காரர்களுக்குப் பழைய காலத்தை நடித்துக் காட்டும் தோல் வியாபாரக் கோட்டைக்குச் சமையல்காரி வேஷம் போடும் வேலைக்குப் போய்விட்டாள். வருஷா வருஷம் போகிற வேலைதான், ஆனால் இந்த முறை சொல்லிக்கொள்ளாமல் போனாள்.

ஜூலையில் ஒருநாள் ஆர்டிஸ் என் வீட்டுக்கு வந்து சமையலறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பாத்திரங்களையெல்லாம் குடுத்துட்டு வந்துடலாம்னு பாக்கறேன்."

"சரி, குடு."

"அப்படியே போனா அந்தக் கோட்டையும் வழியிலதான் இருக்கு."

வழியில் இல்லை. அது போக அரை நாள், வர அரை நாள். மார்ச்சுக்குப் பிறகு அவள் ஸ்டியரிங்கைத் தொடவேயில்லை என்பதால், இதற்கு அர்த்தம் நான் ஓட்டவேண்டும் என்பது. "ஆர்டிஸ், உனக்குக் கோலெட்டைப் பாக்கணும். அதைச் சொல்லித் தொலையேன்," என்றேன்.

ஜன்னல் திரையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, "ஒரே ஒரு கேள்விதான். ஏன் வரலன்னு கேக்கணும். கேட்டுட்டா நான் தூங்கிடுவேன்," என்றாள். அவளிடமிருந்து நான் அதுவரை கேட்ட நேரான வாக்கியம் அதுதான். அதற்காகவே வண்டியை எடுத்தேன்.

கிளம்புமுன் அவள் ஒவ்வொரு பாத்திரத்தையும் நிரப்பினாள். காட்டரிசியும் கோழியும், கொத்துக்கறியின் மேல் உருளைக்கிழங்கு உருண்டை அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ், ருபார்ப் தண்டு போட்ட கேக். கார் முழுவதும் சமையலறை வாசம். கொடுக்கக் கொடுக்க வண்டி லேசாகும் என்று நான் பைத்தியக்காரத்தனமாக நம்பினேன். முதல் வீட்டில் ஒரு பாத்திரம் கொடுத்தோம். அவர்கள் ஒரு பெட்டி ருபார்ப்பும் இரண்டு பாட்டில் ஊறுகாயும் ஏற்றினார்கள். இரண்டாவது வீட்டில் உறைய வைத்த மீன். மூன்றாவது வீட்டில் வாங்கமாட்டேன் என்று நான் கார் கதவைப் பூட்டிவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்தபோது கார் கூரைமேல் என் கை நீளத்துக்கு ஒரு சுக்கினிக்காய் கிடந்தது.

ஃபெர்ன் வீடுதான் என் உயிரை வாங்கியது. ஃபெர்னும் அவள் புருஷன் ஆர்வினும் டெல்மரின் பழைய சிநேகிதர்கள். கோட்டை மாலை ஐந்து மணிக்கு மூடிவிடும், நடுப்பகலுக்குள் கிளம்பினால் போதும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

"காபி?" என்றாள் ஃபெர்ன்.

"ஐயோ, வேணாம், சிரமம் எதுக்கு?" என்றாள் ஆர்டிஸ்.

"போட்டதுதான் இருக்கு."

"இல்ல, இப்பதான் குடிச்சோம்."

"அரை கப்?"

"சரி, அரை கப். நீங்க குடிக்கறதா இருந்தா."

நான் முதல் தடவையே "எனக்கு ஃபுல் கப், பால் நிறைய" என்றேன். மூன்று பேரும் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ அவர்கள் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டுவிட்ட மாதிரி இருந்தது.

மழையைப் பற்றிப் பேசினார்கள். மழை இல்லாததைப் பற்றிப் பேசினார்கள். சாலை வேலை நடப்பதையும், கொசு போன வருஷத்தைவிடப் பெரிதா சிறிதா என்பதையும் அலசினார்கள். டெல்மர் பெயர் மட்டும் வரவில்லை. அவன் அங்கே வந்தால் உட்காரும் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. நான்தான் பொறுக்கமுடியாமல், "கோலெட் ஏன் அடக்கத்துக்கு வரலன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று போட்டு உடைத்தேன்.

ஃபெர்ன் கேக் தட்டை நகர்த்தினாள். "இன்னொரு துண்டு எடுத்துக்கோ, மேவிஸ்."

"கேக்கைப் பத்தி நான் கேக்கல."

"அவளுக்கு உடம்பு சரியில்லாம இருந்திருக்கும்," என்றார் ஆர்வின், மேஜை விரிப்பைப் பார்த்து.

"மார்ச்லேருந்து ஜூலை வரைக்குமா?"

ஆர்டிஸ் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். ஆர்வின் தன் இரண்டு தொடையிலும் தட்டி, "சரி, அப்போ..." என்றார். கிளம்பலாம் என்று அர்த்தம். கிளம்புவது என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு மணி நேரம். எழுந்து நின்று ஒரு பேச்சு, வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு பேச்சு, கார் வரை நடந்து ஒரு பேச்சு, கண்ணாடியை இறக்கி ஒரு பேச்சு. நான் இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன். ஆர்வின் கார் கூரையில் கையை வைத்துக்கொண்டு இன்ஜின் சத்தத்தைப் பற்றி ஒரு பேச்சு ஆரம்பித்தார்.

அதனால் கோட்டைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூடுவதற்குக் கொஞ்ச நேரமே இருந்தது. வழியெல்லாம் நான் கத்திக்கொண்டே ஓட்டினேன். "போனதும் நேரா கேளு. மழையைப் பத்திப் பேசாதே. அவ கேக் குடுத்தா வாங்காதே. ஏன் வரலன்னு கேளு, பதிலை வாங்கு, கிளம்பு."

"பாக்கலாம்," என்றாள் ஆர்டிஸ்.

வாசலில் டிக்கெட் கிழித்த பெண், உள்ளே எப்போதும் 1803 ஜூலை மாதம்தான் என்று சொல்லி அனுப்பினாள். மரச்சுவர், மரக் கூடங்கள், கட்டுக்கட்டாகப் பீவர் என்ற நீர்விலங்கின் தோல், தோலை அழுத்திக் கட்டும் பெரிய மர அழுத்தி. வடக்கே காடுகளில் குளிர்காலம் முழுக்கத் தோல் சேர்த்த படகுக்காரர்கள் வெயில் காலத்தில் இங்கே வந்து சேர்ந்து, தின்று குடித்து, சரக்கு மாற்றிக்கொண்டு போவார்கள். அவர்கள் இன்னும் வந்துகொண்டிருப்பதாகவே இங்கே எல்லோரும் நடிக்கவேண்டும். வேஷம் போட்டவர்கள் 1803-க்கு அப்புறம் நடந்த எதையும் வாயில் எடுக்கக்கூடாது. எடுத்தால் வேலை போய்விடும். அதைக் கண்காணிக்கவே உயரமான தொப்பி வைத்த மேலாளர் ஒருவர், கம்பெனி குமாஸ்தா வேஷத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தார்.

கோலெட் சமையல் கொட்டகையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். முழங்கை வரை மாவு, தலையில் வெள்ளைத் துணி. சுற்றிலும் ஒரு சுற்றுலாக் கூட்டம். ஆர்டிஸைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துப்போனது. கை நின்றது. மேலாளர் எங்கள் பின்னால் வந்து நின்றார்.

"கோலெட்," என்றாள் ஆர்டிஸ்.

கோலெட் மேலாளரை ஒரு பார்வை பார்த்தாள். "அப்படி இங்க யாரும் இல்லையே. நான் சூசெட். எந்தப் படகுல வந்தீங்க நீங்க?"

எனக்குக் கோபம் உச்சி மண்டைக்கு ஏறியது. ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டி, ஒரு பெட்டி ருபார்ப்போடு வந்திருக்கிறேன். "ஏய், விளையாட்டை நிறுத்து. இவ உன்னைப் பாக்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கா," என்றேன். கூட்டத்தில் இருந்தவர்கள் ரசித்துச் சிரித்தார்கள். நானும் வேஷக்காரி என்று நினைத்துவிட்டார்கள் போல. மேலாளர் தொண்டையைச் செருமினார்.

ஆர்டிஸ் என் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, முறத்தில் கிடந்த காய்ந்த பட்டாணியை மடியில் வைத்துக் கல் பொறுக்க ஆரம்பித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் இதுவும் காபி, கேக், மழைதான் என்று நினைத்தேன்.

"உன் ஆளு எந்தப் படகுல வர்றாரு?" என்று கோலெட் கேட்டாள். எல்லோரிடமும் கேட்கும் கேள்வியாக இருக்கும்.

"அவன் வரமாட்டான்," என்றாள் ஆர்டிஸ் பட்டாணியைப் பார்த்துக்கொண்டே. "ஐஸ் உடைஞ்சு டிரக்கோட உள்ள போயிட்டான்."

மேலாளர் மறுபடி செருமினார். ஆர்டிஸ் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"சரி. நாய் இழுக்கற வண்டியோட," என்றாள்.

யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள்.

"அடக்கத்துக்கு ஊரே வந்துது," என்று ஆர்டிஸ் தொடர்ந்தாள். "ஒருத்தி மட்டும் வரல. என் கூடவே இருந்தவ. அவ ஏன் வரலன்னு எனக்குப் புரியல. நான் அவளுக்கு என்ன செஞ்சேன்னு யோசிச்சு யோசிச்சுத் தூக்கம் போச்சு."

"நீ ஒண்ணும் செய்யல," என்றாள் கோலெட் சட்டென்று. மாவை அழுத்தினாள். "அவளுக்கு... உன் முகத்துல முழிக்கத் தைரியம் இல்ல."

"ஏன்?"

"அவ வீடு ஏரிக்கரையில. ஜன்னல்ல பாத்தா ஐஸ் தெரியும். அன்னிக்குக் காலைல உன் ஆளு அவளைக் கூப்பிட்டுக் கேட்டான். கரையில நின்னு. ஐஸ் எப்படி இருக்கு, தாங்குமான்னு."

கரையில் நின்றா? 1803-ல் போன் கிடையாது, அதனால் அப்படிச் சொல்கிறாள். டெல்மர் போன் செய்திருக்கிறான். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஐஸ் ஓரமெல்லாம் மெலிஞ்சு கறுத்துப் போயிருந்தது. அவ பாத்தா. போகாதேன்னு சொல்ல வாய் வரல. அவ்வளவு பெரிய ஆளு, அவனுக்குத் தெரியாததா, நாம எதுக்குக் குறுக்க பேசணும்னு..." கோலெட்டின் கை மாவுக்குள் அப்படியே நின்றது. "தாங்கும்னுதான் நினைக்கறேன்னு சொல்லிட்டா."

அந்த நிமிஷம் அவளை அறைந்துவிடலாம் போல் இருந்தது எனக்கு. நினைக்கறேனாம். என் அண்ணன் உயிர் போகிற நேரத்தில்கூட இந்த ஊருக்கு ஒரு வார்த்தை நேராக வரவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கு என்ன கேடு? நான் ஓரடி முன்னால் எடுத்து வைத்தேன், ஆனால் ஆர்டிஸ் அதற்குள் பேசத் தொடங்கிவிட்டாள்.

"அந்த மனுஷன் எவ பேச்சைக் கேட்டான்?" என்றாள். அவள் குரல் இப்படி உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "கூரை மேல ஏறாதேன்னா ஏறுவான். மூட்டை தூக்காதேன்னா ரெண்டாத் தூக்குவான். முதுகு புடிச்சுக்கிட்டு வந்து நிப்பான், நான் தைலம் தேய்க்கணும். அவ வேணாம்னு சொல்லியிருந்தா அடுத்த வீட்டுல கேட்டிருப்பான். தாங்கும்னு ஒருத்தர் சொல்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே போயிருப்பான், சண்டாளன்."

கூட்டம் கைதட்டியது. நன்றாகத் தட்டினார்கள். தொப்பி வைத்த ஒரு பெண்மணி என்னிடம் குனிந்து, "எவ்வளவு இயல்பா நடிக்கறாங்க!" என்றாள். "நடிக்கலை!" என்று கத்தினேன். அதற்கும் தட்டினார்கள். மேலாளர்கூட முகம் மலர்ந்து தட்டிக்கொண்டிருந்தார், நாசமாய்ப் போக.

மணி அடித்தது, கோட்டை மூடும் நேரம். ஆர்டிஸ் முறத்தை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள். வாசலைப் பார்த்து நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். கார் நிறுத்துமிடத்தில் நான் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. கோலெட், அந்த நீளப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாவுக் கையோடு, எல்லோரும் பார்க்க வாசலைத் தாண்டி ஓடிவந்தாள்.

"டெல்மர் எனக்குப் போன் பண்ணான்," என்றாள் மூச்சு வாங்க. "தாங்கும்னு நான் சொன்னேன், ஆர்டிஸ். ஓரம் கறுத்திருந்ததைப் பாத்துட்டும் சொன்னேன்."

"இப்பதானே உள்ள சொன்னே."

"அங்க சொன்னது கணக்குல வராது."

ஆர்டிஸ் கார்மேல் சாய்ந்துகொண்டாள். வெயில் சாய்ந்து ஏரிப் பக்கமிருந்து காற்று அடித்தது. அவள் பேசப் போவதில்லை என்றே நினைத்தேன். நான் வாயைத் திறந்து அந்த இடத்தை நிரப்பப் போனேன், என் ஜென்மத்தில் ஒருமுறையாக அடக்கிக்கொண்டேன்.

"உன்னைக் கேக்கறதுக்கு முன்னாடி என்னைத்தான் கேட்டான்," என்றாள் ஆர்டிஸ். "வேணாம்னேன். நேராவே சொன்னேன், போகாதேன்னு. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு பூட்ஸ் மாட்டினான். குளிர்ல போறானேன்னு எனக்கு மனசு கேக்கல." அவள் கோலெட்டைப் பார்த்தாள். "தடுக்கறதை விட்டுட்டு எழுந்து போய் அவனுக்கு ஃபிளாஸ்க்ல காபி ஊத்திக் குடுத்தேன், கோலெட். சர்க்கரை போட்டு. சூடா."